ஆலோசனை சொல்ல ஒரு நாற்காலி

அதிகாரத்துக்கு ஒரு பழைய வித்தை தெரியும். வாசலில் நின்று கத்துகிறவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டால் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். டீ கொடுப்பார்கள், 'உறுப்பினர்' என்று ஒரு பேரும் கொடுப்பார்கள். அவன் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். முடிவை மட்டும் வேறொரு நாளில், வேறொரு அறையில், வேறு ஆட்கள் எடுப்பார்கள். இதற்குப் பெயர் ஆலோசனைக் குழு.

இந்த மாதிரிக் குழுக்களைப் பற்றி நாம் பேசும்போது 'நம்ம ஆள் எத்தனை பேர்?' என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் நாலு கேள்வி இருக்கிறது. அந்த ஆளை அங்கே உட்கார வைத்தது யார்? எழுப்பி வெளியே அனுப்பக்கூடியவர் யார்? கூட்டத்தில் எதைப் பேசலாம் என்று எழுதித் தருகிறவர் யார்? கடைசியில் காசுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார்? இந்த நாலுக்கும் பதில் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், பந்தியில் இலை போட்டதையே சாப்பாடு போட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்து வர வேண்டியதுதான்.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்க நகரங்களின் மனித நலச் சேவை ஆணையங்களின் கதை நமக்கு உதவும். அமெரிக்கா ஜனநாயகத்தின் சொர்க்கம் என்பதற்காக இல்லை. ஏழைகளுக்கான திட்டத்தை நடத்தும் குழுவில் ஏழைகளே உட்கார வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் வந்தது. கறுப்பின மக்கள் அந்தச் சட்டத்தை நிஜம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்தவை நமக்கான பாடம்.

ஆணையம் எப்படி அமைகிறது

அமெரிக்க நகராட்சியில் மேயரும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இருக்கின்றன. அதற்குக் கீழே நூலகத்துக்கு ஒன்று, நிலத் திட்டத்துக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று என்று பல ஆணையங்கள். அதில் ஒன்றுதான் மனித நலச் சேவைகளுக்கானது. பசித்தவருக்குச் சாப்பாடு, வீடற்றவருக்குத் தங்குமிடம், குழந்தைகள் காப்பகம், முதியோர், ஊனமுற்றோர் ஆகியோருக்கான உதவி - இவையெல்லாம் அதன் வட்டத்தில் வரும். நகராட்சியின் காசும் மத்திய அரசின் காசும் தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். ஆணையம் விண்ணப்பங்களைப் படித்து, யாருக்கு எவ்வளவு தரலாம் என்று பரிந்துரைக்கும். பரிந்துரை மட்டும்தான். தருவதும் வெட்டுவதும் மன்றத்தின் கையில்.

உறுப்பினர்களை மன்றம் நியமிக்கும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பதவிக்காலம் குறிக்கப்பட்டிருக்கும். தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொள்வார்கள். செயலாளர் மட்டும் நகராட்சி ஊழியர். கோப்பும் அஜெண்டாவும் மினிட்சும் அவர் கையில்தான் இருக்கும். உறுப்பினர் மாதம் ஒரு நாள் வருவார், ஊழியர் தினமும் இருப்பார். யார் யாரை நடத்துவார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மனித நல, சமூகச் செயல்பாட்டு ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். 15 பேர் கொண்ட அமைப்பு. மேயரும் 8 மன்ற உறுப்பினர்களும் ஆளுக்கு ஒருவரை நியமிப்பார்கள். அது 9. மீதி 6 இடம் ஏழைகளின் பிரதிநிதிகளுக்கு. இந்த 6 பேரை மேயர் கை காட்ட முடியாது, குறைந்த வருமானமுள்ள மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த 6 இடம் எங்கிருந்து வந்தது? யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது.

1964: வாய் தவறி வந்த ஒரு வாசகம்

ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 'வறுமைக்கு எதிரான போர்' என்று அறிவித்து 1964 ஆகஸ்டில் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சமூகச் செயல்திட்டங்களில், யாருக்காகத் திட்டம் போடப்படுகிறதோ அந்த மக்களின் பங்கேற்பு முடிந்த மட்டும் அதிகமாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எழுதியவர்களுக்கே அதன் கனம் அப்போது முழுசாகத் தெரியவில்லை. நாலு ஏழைகளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டால் முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

தெருவில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மத்திய அரசின் காசு, மேயரைத் தாண்டி நேராக நம் தெருக் கமிட்டிக்கு வருகிறது. அந்தக் கமிட்டியில் நாம் உட்காரலாம். அப்படியென்றால் வேலைக்கு ஆள் எடுப்பது நாம். யாருக்கு உதவி என்று முடிவு செய்வது நாம். வீட்டுக்காரன் மேல், போலீஸ் மேல், நகராட்சி மேலேயே கேஸ் போட வக்கீல் வைப்பதும் நாம்.

மேயர்கள் அலறினார்கள். 1965லேயே வாஷிங்டனுக்குப் புகார் போனது. சிகாகோவில் மேயர் டேலி, கமிட்டியில் யார் இருப்பது என்பதைத் தன் கையைவிட்டுப் போகவே விடவில்லை. கட்சிக்காரன் வேறு, கமிட்டிக்காரன் வேறு என்ற பேச்சே அங்கு எழவில்லை.

ஓக்லாந்தில் நடந்தது

பெர்க்லிக்கு ஒட்டிய துறைமுக நகரம் ஓக்லாந்து. இரண்டாம் உலகப்போர் காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்குத் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் நிறைந்த ஊர். வறுமை ஒழிப்புக் காசு வந்ததும் அங்கே ஒரு பொருளாதார வளர்ச்சி மன்றம் உருவானது. மேயர் நியமித்த மன்றம். அதற்குக் கீழே ஏழைகள் வாழும் 4 பகுதிகளுக்கும் ஆளுக்கொரு ஆலோசனைக் குழு. கவனியுங்கள், மேலே இருப்பதே ஆலோசனை மன்றம். அதற்கு ஆலோசனை சொல்ல இன்னொரு ஆலோசனைக் குழு. ஏழைகளுக்குக் கிடைத்த இடம் மாடிப்படியின் கடைசிப் படி.

அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்தவர்கள் 1966ல் எழுந்து நின்றார்கள். மன்றத்தில் 51 சதவீத இடம் எங்கள் பகுதிகளுக்கு வேண்டும் என்றார்கள். 51 என்ற எண்ணைப் பாருங்கள். பாதிக்கு ஒன்று கூட. '30 கொடுங்கள், 40 கொடுங்கள், எங்கள் குரலும் கேட்கட்டும்' என்று அவர்கள் கெஞ்சவில்லை. குரல் கேட்பதற்கும் ஓட்டு ஜெயிப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1967ல் அந்த மன்றம் நகராட்சியிலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. பெர்சி மூர் இயக்குநராக இருந்த காலத்தில் அது நகராட்சியை எதிர்த்தே பேசியது. 1971ல் கலிபோர்னியாவின் கவர்னர் தன் ரத்து அதிகாரத்தைக் காட்டி அதற்கு வரவேண்டிய காசை நிறுத்தினார். அந்தக் கவர்னரின் பெயர் ரொனால்ட் ரீகன். மன்றம் செத்தது. வேலை நகராட்சியின் கைக்கே திரும்பிப் போனது. முதலில் கேட்டோமே, காசுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று. பதில் இதுதான்.

இதே ஊரில், இதே வறுமை ஒழிப்புத் திட்டத்தின் வடக்கு ஓக்லாந்து அலுவலகத்தில் பாபி சீல் என்ற இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1966 அக்டோபரில் அவரும் ஹியூய் நியூட்டனும் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்துதான் பத்து அம்சத் திட்டத்தை எழுதினார்கள். கறுப்புச் சிறுத்தைகள் கட்சி பிறந்தது. பம்பாயில் 1972ல் தலித் சிறுத்தைகள் தம் பெயரை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அது மதுரை வழியாக நம் சேரிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே நம் கொடியின் வேர் ஒன்று அரசாங்கக் காசில் நடந்த ஒரு நலச் சேவை அலுவலகத்தின் மேசைக்குப் போகிறது. சர்க்கார் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து சர்க்காருக்கு ஆலோசனை எழுதவில்லை அவர்கள். தம் மக்களுக்கு ஒரு திட்டம் எழுதினார்கள்.

பிறகு அதே சிறுத்தைகள் 1972ல் பெர்க்லியிலும் மேற்கு ஓக்லாந்திலும் இந்த ஏழைகள் கமிட்டிகளுக்கு நடந்த தேர்தல்களில் நின்று இடங்களைப் பிடித்தார்கள். 1973ல் சீல் ஓக்லாந்து மேயர் பதவிக்கு நின்று இரண்டாம் சுற்று வரை போய்த் தோற்றார். பழைய பொருளாதார வளர்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்த லயனல் வில்சன் 1977ல் அந்த ஊரின் முதல் கறுப்பின மேயரானார். ஆலோசனைக் குழு என்பது வெறும் பொறி மட்டும் இல்லை, தெரிந்து நுழைந்தால் பயிற்சிக் களமாகவும் ஆகும் என்பதற்கு இதுவும் சாட்சி.

மூன்றில் ஒரு பங்கு

மேயர்களின் அலறலுக்கு 1967ல் மருந்து கிடைத்தது. எடித் கிரீன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம், எந்த அமைப்பு இந்தக் காசை வாங்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையை மாநில, நகர அரசுகளுக்குக் கொடுத்தது. நிர்வாகக் குழு மூன்று பங்கு என்றானது. ஒரு பங்கு பதவியில் இருப்பவர்கள். குறைந்தது ஒரு பங்கு ஏழைகளின் பிரதிநிதிகள். மீதி வியாபாரிகள், தொழிற்சங்கம், மதம், தொண்டு நிறுவனம் போன்றவற்றின் ஆட்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓக்லாந்து மக்கள் கேட்டது 51. சட்டம் உறுதி சொன்னது 33. மற்ற இரண்டு பங்கும் சேர்ந்துகொண்டால் ஏழைகளின் பங்கு எந்நாளும் தோற்கும். பெர்க்லியின் 9க்கு 6 என்பதும் இதே கணக்குதான். ஏழைகளை உள்ளே வைக்கலாம், ஜெயிக்க மட்டும் விடக்கூடாது.

1981ல் அதே ரீகன் ஜனாதிபதியாக வந்து இந்தத் திட்டங்களை நடத்திய மத்திய நிறுவனத்தை மூடினார். காசு மாநிலங்களுக்கு மொத்தமாகப் போக ஆரம்பித்தது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கை எடுக்க முடியவில்லை. 1998ல் சட்டத்தைத் திருத்தியபோதும் அந்தப் பங்கு நின்றது. அந்த உறுப்பினர்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அந்தப் பகுதியிலேயே வசிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கூடவே, நகராட்சி போன்ற அரசு அமைப்பாக இருந்தால் மாநில அரசு சொல்லும் வேறு வழியும் போதும் என்று ஒரு சந்தையும் திறந்துவைத்தார்கள். சந்து எப்போதும் இருக்கும்.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் அந்த நாட்டு மத்திய அரசில் மக்கள் பங்கேற்பைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர். 1969ல் அவர் ஒரு கட்டுரையில் பங்கேற்பை 8 படி ஏணியாகப் பிரித்துக் காட்டினார். கீழ் 2 படிகள் வெறும் ஏமாற்று. நடு 3 படிகள் - தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, நாலு பேரைக் குழுவில் போட்டுச் சமாதானப்படுத்துவது - எல்லாம் பேருக்கு நடக்கும் பங்கேற்பு. மேல் 3 படிகளில்தான் அதிகாரம் கைமாறுகிறது. நம் ஊரில் 'மக்கள் பங்கேற்பு' என்று பேசுகிற தொண்டு நிறுவனங்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

'ஏழைகளுக்கே அக்கறை இல்லையே' என்று ஒரு வாதம் வரும். 1966ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தக் கமிட்டிகளுக்குத் தேர்தல் வைத்தபோது ஓட்டுப் போட்டவர்கள் ஒரு சதவீதம் கூட இல்லை. உடனே பார்த்தாயா, பார்த்தாயா என்று கைகொட்டினார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, முடிவெடுக்க உரிமையில்லாத ஒரு கமிட்டிக்கு ஆள் அனுப்ப யாருக்கு வரும் ஆசை? அதிகாரம் இல்லாத இடத்துக்குக் கூட்டம் வராதது அக்கறையின்மை இல்லை, அனுபவ அறிவு.

சாதி அங்கே போய் நின்றபோது

நம் சாதிக்காரர்களும் நம்மை ஒடுக்குகிற சாதிக்காரர்களும் கடல் தாண்டிப் போய்விட்டதால் இந்த ஆணையங்கள் முன்னால் சாதியும் போய் நின்றது. 2021 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்ட மனித உரிமை ஆணையம், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யப்பட்ட பாகுபாடுகளில் சேர்ப்பது பற்றிப் பொது விசாரணை நடத்தியது. கம்ப்யூட்டர் தொழிலின் தலைமை இடம் அது. தலித்துகள் தம் அனுபவத்தைச் சொன்னார்கள். சாதி இங்கே இல்லவே இல்லை என்று சொல்ல ஆதிக்க சாதியினரும் வரிசையில் வந்தார்கள். ஆணையம் கேட்டது. அதனால் முடிந்தது அவ்வளவே. அது சட்டம் போடும் இடம் இல்லை.

2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் 6க்கு 1 என்ற ஓட்டில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அது ஓட்டுப் போடும் அறை. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றமே நிறைவேற்றிய மசோதாவை கவர்னர் கவின் நியூசம் ரத்து செய்தார். கேட்கும் அறை, ஓட்டுப் போடும் அறை, கையெழுத்துப் போடும் அறை - மூன்றும் மூன்று. நம் ஆட்கள் முதல் அறையிலேயே களைத்துப் போய்விட வேண்டும் என்பதுதான் அமைப்பின் விருப்பம்.

நம் கலெக்டர் ஆபீஸில்

இப்போது இங்கே வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 17வது விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது. தலைவர் கலெக்டர். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், எஸ்.பி., தலித் அல்லது பழங்குடி அதிகாரிகள் 3 பேர். அரசு சாராத தலித், பழங்குடி உறுப்பினர்கள் 5 பேருக்கு மேற்படாமல். தொண்டு நிறுவனத் தொடர்புள்ள பிற சாதியினர் 3 பேருக்கு மேற்படாமல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். மாநில அளவில் முதலமைச்சர் தலைமையில் ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும்.

நம் நாலு கேள்வியை வைத்துப் பாருங்கள். அந்த 5 பேரையும் எந்தச் சேரியாவது ஓட்டுப் போட்டு அனுப்பியதா? இல்லை, நியமனம். அஜெண்டா யார் கையில்? நிர்வாகத்தின் கையில். எஸ்.பி. பதில் சொல்ல வேண்டிய விஷயத்தில் அந்த எஸ்.பி.யே உறுப்பினர். எஃப்.ஐ.ஆர். போடாத இன்ஸ்பெக்டர் மேல் நடவடிக்கை எடுக்கிறவர் யார்? குழு இல்லை. குழு 'ஆய்வு' செய்யும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதுசும் இல்லை. 1919ல் சவுத்பரோ கமிட்டி முன்னால் போய் நின்றதிலிருந்து அம்பேத்கர் கேட்டது இதைத்தான்: எங்கள் பிரதிநிதியை நாங்கள் தேர்ந்தெடுப்போமா, நீங்கள் தேர்ந்தெடுப்பீர்களா? வட்டமேசை மாநாட்டில் ரெட்டமலை சீனிவாசனும் அவருடன் இருந்தார். 1932ல் வந்த தீர்ப்பு 71 தனித்தொகுதி இடங்களைக் கொடுத்தது. பூனா ஒப்பந்தம் அதை 148 ஆக்கியது. ஆனால் கடைசி ஓட்டை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. எண்ணிக்கை இரண்டு மடங்கு, தேர்ந்தெடுக்கும் உரிமை போச்சு. எண்ணிக்கையைக் காட்டி உரிமையைப் பறிப்பது அன்றைக்கே நடந்துவிட்டது.

அதன் மிச்சத்தைக் கீரிப்பட்டியிலும் பாப்பாப்பட்டியிலும் பார்த்தோம். 1996லிருந்து பத்து வருஷம் அங்கே தனித்தொகுதி பஞ்சாயத்துத் தலைவர் பதவி நிரம்பவே இல்லை. ஆதிக்க சாதி ஒருவரை நிறுத்தும், ஜெயிக்க வைக்கும், அடுத்த நிமிஷம் ராஜினாமா செய்ய வைக்கும். உட்கார வைத்தவனே எழுப்பியும் விட்டான். எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்த மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். கூட 5 பேர். நியமன நாற்காலியில் உட்கார்ந்ததற்காக அப்படி யாரையும் வெட்டவில்லையே, ஏன் என்று யோசியுங்கள் தோழர்களே. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று நம்மைவிட நம் எதிரிக்கு நன்றாகத் தெரியும்.

என்ன கேட்பது

ஆலோசனைக் குழுக்களைப் புறக்கணித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. உள்ளே போகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். கேட்க வேண்டியதையும் மாற்றிக் கேட்க வேண்டும்.

மாவட்டக் குழுவின் 5 இடங்களையும் சேரி மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்போம். பெர்க்லியின் ஏழைகள் 6 இடத்துக்குச் செய்வதை, நம் மாவட்டத்துச் சேரிகள் 5 இடத்துக்குச் செய்ய முடியாதா? கலிபோர்னியாவில் 1953லிருந்து பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நகர மன்றமோ ஆணையமோ வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் அஜெண்டாவை ஒட்ட வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும், வந்தவரைப் பேச விட வேண்டும். நம் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கும் அதைக் கேட்போம். போன கூட்டத்தில் பேசிய ஒவ்வொரு வழக்கிலும் என்ன நடந்தது என்று எழுத்தில் கேட்போம். இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது: உங்கள் மாவட்டக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் கடைசி நாலு கூட்டத்தின் மினிட்சையும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு மாவட்டம் எடுத்துக்கொள்ளலாம். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதைச் சுவரில் ஒட்டுங்கள்.

உள்ளே இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை அனுப்பியது கலெக்டர் என்றால் நீங்கள் கலெக்டருக்குத்தான் பதில் சொல்வீர்கள். ஆகவே கூட்டத்துக்குப் போகும் முன் சேரியைக் கூட்டுங்கள், வந்த பிறகும் கூட்டுங்கள். சட்டம் கொடுக்காத தேர்தலை நாமே அப்படி நடத்திக்கொள்வோம். நாற்காலியைக் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வான். பின்னால் நிற்கும் சனத்தை அவனால் எடுக்க முடியாது.